கப்பல் வீட்டில் முதல் புகை

"வீட்டை என்ட பேருக்கு எழுதித் தாங்கோ வாப்பா. கலியாணத்துக்கெண்டு இல்ல. இப்பவே."

பல்கீஸ் இதைச் சொன்னபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் ஸஹாப்தீன் வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வாயருகே கொண்டு போயிருந்தார். அது அங்கேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாய், பெயரே சித்தி பரீதா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார். கூரையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வாப்பா ஸெய்னுதீன், தன்னுடைய லோஞ்சு நடுக்கடலில் நின்றுபோனால் என்ன செய்வாரோ அதைச் செய்தார்: தலையைச் சொறிந்தார். உம்மா றுக்கியாதான் முதலில் மூச்சு விட்டது. அது மூச்சா, முனகலா என்று சொல்ல முடியாத ஒன்று.

முழங்காலுக்கு மேலே சட்டை போட்ட வயதிலிருந்து உம்மா அவளுக்குச் சொல்லி வளர்த்தது இது ஒன்றைத்தான். எதைக் கேட்டாலும் கேள், வீட்டை மட்டும் உன் வாயால் கேட்காதே. "மழை கேட்ட உப்பளமும் வீடு கேட்ட பொண்ணும் ஒண்டு. கேட்டது கிடைக்கும், கையில ஒண்டும் மிஞ்சாது." திருகோணமலையின் ஜமாலியாவில் ஒரு பெண் பிறந்த அன்றே அவளுக்கு ஒரு வீடும் பிறந்துவிடும். முதலில் அது தகப்பனின் கவலையாக இருக்கும், பிறகு அத்திவாரமாகும், பிறகு வருடத்துக்கு ஒரு சுவர் என்று வளரும். பெண்ணும் வீடும் ஒன்றாக வளர்ந்து, இரண்டும் தயாரானதும் மாப்பிள்ளை வந்து குடியேறுவார். அதுவரைக்கும் பெண் அந்த வீட்டைத் தனக்குத் தெரியாத வீடுபோலக் கடந்து போகவேண்டும். அது யாருக்கு என்று ஊர் முழுக்கத் தெரியும். அவள் மட்டும் தெரியாதவள்போல் இருக்கவேண்டும். பல்கீஸுக்கு இந்த நடிப்பில் பத்து வயதிலேயே வெறுப்பு வந்துவிட்டது.

அவளுடைய வீட்டைத் தெரியாததுபோலக் கடந்து போவதும் இலேசான காரியமல்ல. வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். அப்போது கடற்படைப் படகொன்றில் வேலை செய்த வாப்பா, இரண்டு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து வாங்கிவந்தார். கப்பல் கதவுகள். வட்ட யன்னல்கள், பித்தளை வளையத்தோடு. தேக்குப் பலகைகள். புகைபோக்கிக் குழாயில் ஒரு துண்டு. உம்மா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு இருபது வருடமாக, காணியின் மறுகரையில், அந்தச் சாமான்களைச் சுற்றி ஒரு வீடு எழும்பியது. வட்ட யன்னல்களால் உள்துறைமுகத்து நீர் வட்டமாகத் தெரியும். கப்பல் கதவுகளுக்கு வாசற்படி முழங்காலளவு உயரம். அந்த வீட்டுக்குள் போன எவரும் கால்விரலை இடித்துக்கொள்ளாமல் திரும்பியதில்லை. கட்டிய மேசன்கூட இடித்துக்கொண்டார். ஊர் அதற்குக் கப்பல் வீடு என்று பெயர் வைத்திருந்தது. அஞ்சல்காரர் அந்தப் பெயரில் வழி சொல்வார்.

இன்று காலை ஸஹாப்தீன் மாமா அந்த வீட்டை அளந்தார். அளவு நாடா கொண்டுவருவது மரியாதையில்லை என்பதால் தன் குடையால் அளந்தார். அறைக்கு அறை குடையைச் சுவரோரம் படுக்கவைத்து, ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணி, கடைசியில் கதவைத் தாண்டும்போது பெருவிரலை இடித்து, "யா அல்லாஹ்!" என்று உரக்கச் சொன்னார். பல்கீஸ் அவர்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் குசினிக்குள்ளிருந்து அதைப் பார்த்தாள். காலையிலிருந்து அவளுக்குச் சந்தோஷம் தந்த ஒரே விஷயம் அது.

"மகள்," என்றார் வாப்பா மெதுவாக. "ஆக்கள் இருக்கினம். பிறகு கதைப்பம்."

"பிறகு கதைக்கேலாது வாப்பா. நாளைக்குள்ள நான் பதில் சொல்லோணும். தபால் கந்தோர் பூட்டுறதுக்குள்ள இண்டைக்குத் தந்தி அடிச்சாத்தான் சீட்டு. இல்லாட்டி அடுத்த ஆளுக்கு."

"என்ன சீட்டு?" என்று கேட்டார் சித்தி பரீதா. கூரையிலிருந்து அவருடைய கண்கள் இறங்கிவிட்டன.

"மெடிக்கல் கொலிஜ். இந்தியாவில." பல்கீஸ் நேராக அவர் பக்கம் திரும்பினாள். வந்திருப்பவர்களில் அவளிடம் ஒரு கேள்வியைக் கேள்வியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "சீனன்குடாவில கோதுமை மா ஆலை கட்டுறாங்க மாமி. அதில வேலை செய்யிற வெளிநாட்டு இஞ்சினியருக்குக் குடும்பத்தோட இருக்க வீடு வேணுமாம். புறோக்கர் மஹ்ரூப் காக்கா பின்னேரம் கூட்டிவாறார். வட்ட யன்னலைப் பத்திக் கேள்விப்பட்டதில இருந்து இஞ்சினியர்ர பொஞ்சாதி வேற வீடு பாக்கமாட்டன் எண்டிட்டாவாம். வாடகையை முன்னுக்குத் தருவினம். ஆனா வீடு ஆரின்ட பேரில இருக்கோ அவங்க கையெழுத்துப் போடோணும். நான் போட்டா நான் படிப்பன்."

"அல்லாவே, வாடகைக்கு!" என்றது உம்மா. மெடிக்கல் கொலிஜ் என்ற சொல் அதற்குக் கேட்கவேயில்லை. "குமர்ப்பிள்ளையின்ட வீட்டில ஆரோ வந்து அடுப்பு மூட்டுறதோ?"

அதுதான் விஷயம். கலியாணம் முடிந்து, புதுப்பெண் தன் கையால் முதல் அடுப்பு மூட்டும் வரைக்கும் அந்தக் குசினியில் ஒரு தீக்குச்சிகூட உரசக்கூடாது. கட்டிய ஆட்களுக்குத் தேத்தண்ணி வெளியே, வேப்பமரத்தடியில்தான் கொதித்தது. புகைபோக்கிக் குழாய் இருபது வருடமாகப் புகையைக் காணாமல் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. அடுப்பு மூண்ட வீடு பாவித்த வீடு. பாவித்த வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்?

சித்தி பரீதா வெற்றிலையை மடித்தார். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் ஐந்து ஆண்பிள்ளைகளை வளர்த்து, நால்வரை நல்ல வீடுகளில் குடியேற்றியவர். அவசரப்படுகிறவர் அல்ல.

"இந்தியாவில சும்மா எடுக்கமாட்டாங்களே," என்றார். "நீ பி.எஸ்ஸி.யில ஃபெர்ஸ்ட் கிளாஸ் எண்டபடியாத்தான் எடுத்திருக்காங்க, என்ன?"

பல்கீஸ் உம்மாவைப் பார்த்தாள். உம்மா தரையைப் பார்த்தது.

"ஆர் சொன்னது மாமி?"

"உன்ட உம்மாதான். கலியாணப் புறோக்கருக்கும் அதையேதான் சொல்லியிருக்கா. கிண்ணியா முழுக்க அதுதானே கதை."

பல்கீஸுக்குக் கோபம் வந்தது. பிறகு அதற்குள்ளேயே சிரிப்பும் வந்தது, அடக்கமுடியாமல். உம்மாவின் வாழ்க்கையில் கிளாஸ் என்று இருந்தது ரெயிலில் மட்டும்தான். கொழும்புக்கு ஒரு தரம் போனபோது முதலாம் வகுப்புப் பெட்டியை எட்டிப் பார்த்திருக்கிறது. மகள் படித்த படிப்பு அதைவிடக் குறைந்ததாக இருக்கும் என்று அதற்குத் தோன்றியேயிருக்காது.

"கிளாஸ் ஒண்டும் இல்ல மாமி. வெறும் பாஸ். கெமிஸ்ட்ரி ரெண்டு தரம் எடுத்தனான். பாஸான ஆக்களில எனக்குப் பின்னால மூண்டு பேர்தான் இருந்தாங்க. அதில ஒராள் சோதினை எழுதக்குள்ள மலேரியா."

ஸஹாப்தீன் மாமாவின் கையிலிருந்த வட்டிலப்பம் கடைசியாகத் தட்டில் விழுந்தது.

"பாஸெண்டா பாஸ்தானே," என்றார் வாப்பா. அந்த அறையில் அன்றைக்கு முதன்முறையாக அவர் உறுதியாகச் சொன்ன வசனம். "என்ட லோஞ்சு லைசனுக்கு எத்தினை மார்க்ஸ் எண்டு மூதூருக்குப் போற ஒருத்தரும் இண்டைக்கு வரைக்கும் கேட்டதில்ல."

இதைத்தான் அவர் பட்டம் வந்த அன்றும் சொன்னார். தெரு முழுக்க நெய்ச்சோறு கொடுத்தார். பல்கீஸ் அந்த விருந்தில் ஒரு வாய்கூட உண்ணவில்லை. அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் படித்த பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடம் ஒரு அலுமாரி. அதற்குள் ஒரு எலும்புக்கூட்டின் பாதியும், போத்தலில் ஒரு தேளும். பல்கலைக்கழகத்தில் முதல்நாள் பியூரெட் குழாயைக் கையில் தந்தபோது அதைத் தலைகீழாகப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற கொழும்புப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மூன்று வருடமும் சுமந்தாள். முதல் வருடம் விழுந்தாள், இரண்டாம் வருடம் தவழ்ந்தாள், மூன்றாம் வருடம் நடந்தாள். ஆனால் மூன்றையும் கூட்டிப் பிரித்தால் வருவது வெறும் பாஸ்.

இந்தியக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கொழும்புக்கு வந்திருந்த மூன்று பேரும் அதையேதான் கேட்டார்கள். இந்தப் புள்ளிகளோடு வைத்தியம் படிக்க வருவதற்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று, நல்ல இங்கிலீஷில், நல்ல சிரிப்போடு. அவள் காரணம் ஏதும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை நீங்கள் மொத்தமாக வாசிக்கிறீர்கள், வருடம் வருடமாக வாசியுங்கள் என்றாள். கீழே விழுந்த இடத்தை மட்டும் பார்க்காமல் எழும்பிய தூரத்தையும் பாருங்கள். மூவரில் வயதானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, வருடம் வருடமாக வாசித்தார். பிறகு, ஏன் வைத்தியம் என்று கேட்டார். அவள் லோஞ்சுக் கதையைச் சொன்னாள்.

லோஞ்சுக் கதை ஊருக்கே தெரிந்தது. மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு அவள் ஒரு மத்தியானம் வாப்பாவின் லோஞ்சில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ஒரு பெண்ணுக்கு நடுவழியில் நோவு முற்றிவிட்டது. "படிச்ச புள்ள இரிக்கு, பி.எஸ்ஸி. புள்ள, வழிவிடுங்க" என்று அவளை முன்னால் தள்ளினார்கள். அவளுக்குத் தவளையின் இரத்த ஓட்டத்தைப் படம் கீறிப் பெயரிடத் தெரியும். வேறொன்றும் தெரியாது. அவள் செய்தது, அந்தப் பெண்ணின் முகத்துக்கு வெயில் படாமல் குடை பிடித்ததுதான். பிள்ளை தன்பாட்டில் பிறந்தது. ஆண்பிள்ளை. லோஞ்சுக்காரரின் நினைவாக ஸெய்னுதீன் என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் சிரித்து, சீனி வாயில் போட்டு, பல்கீஸுக்கும் நன்றி சொன்னார்கள். "நல்லாக் குடை பிடிச்சாய் மகள்" என்று அந்தப் பெண் சொன்னாள். அந்த நன்றியைப்போல அவளைச் சுட்டது வேறெதுவும் இல்லை.

"நல்ல விஷயம்தான்," என்றார் சித்தி பரீதா இப்போது, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "நான் படிப்புக்கு எதிரான ஆளில்ல. ஒண்டு செய்வம். நிக்காஹ் முடியட்டும். வீடு உன்ட பேருக்கு வரும். பிறகு நீயும் என்ட மகன் ஸுஹைரும் இருந்து கதைச்சு, போறதா விடுறதா எண்டு ஆறுதலா முடிவெடுங்கோ."

நியாயமான பேச்சு. வாப்பாவின் முகம் தெளிந்தது. உம்மாவுக்கு உயிர் வந்தது. ஸஹாப்தீன் மாமா தட்டை மறுபடியும் கையில் எடுத்தார். நியாயமான பேச்சுக்கு எதிராகக் கத்த முடியாது. அதுதான் அதிலுள்ள கெடுதி.

"அப்ப நான் வாப்பாவும் மாப்பிள்ளையும் எண்டு ரெண்டு பேரிட்டக் கேக்கோணும் மாமி," என்றாள். "இப்ப வாப்பாட்ட மட்டும் கேட்டாக் காணும்."

"காணும் பல்கீஸ்!" உம்மாவின் குரல் உயர்ந்தது. "போ. போய்த் தேத்தண்ணி ஊத்திக் கொண்டு வா. போ!"

தேத்தண்ணி ஊற்றச் சொன்னது உம்மா. எந்தக் குசினியில் என்று அது சொல்லவில்லை.

பல்கீஸ் கேத்தலை எடுத்தாள். தேயிலையும் சீனியும் தீப்பெட்டியும் எடுத்தாள். ஆணியில் தொங்கிய கப்பல் வீட்டுத் திறப்பையும் எடுத்தாள். பின்வாசலால் இறங்கி, கோழிகளை விலக்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் கிடந்த விறகை அள்ளி, காணியைக் கடந்தாள். உயர்ந்த வாசற்படியைக் காலைத் தூக்கித் தாண்டினாள். இந்த வீட்டுக்குள் அவள் நேராக நடந்து வருவது இதுதான் முதல் தடவை. சுண்ணாம்பும் தேக்கும் கலந்த வாசம். வட்ட யன்னலுக்குள் துறைமுகம் தட்டில் வைத்ததுபோல் இருந்தது. குசினி அடுப்பில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அதைத் தும்புத்தடியால் பத்திரமாக எடுத்து வெளியே விட்டாள். பிறகு தீக்குச்சியை உரசினாள்.

விறகு பற்றாமல் புகைந்தது. கண் எரிந்தது. குனிந்து ஊதினாள். தவளையின் இரத்த ஓட்டம் தெரிந்தவளுக்கு அடுப்பு மூட்டத் தெரியவில்லை என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்.

"புகை!" வெளியே ஸஹாப்தீன் மாமாவின் குரல். "அங்க பாருங்க, புகை வருது!"

பிறகு ஓடிவரும் சத்தம், கோழிகள் கலையும் சத்தம், வாசற்படியில் கால்விரல் இடிபடும் சத்தம். உம்மா ஒற்றைக் காலில் குசினிக்குள் நொண்டிக்கொண்டு வந்தது. முக்காடு தோளில் கிடந்தது.

"என்னடி செய்திட்டாய்! பாவி! இனி இந்த வீட்டை ஆர் எடுப்பாங்க?"

"இஞ்சினியர் எடுப்பார்," என்றாள் பல்கீஸ் எழும்பாமலே. "வாப்பா கையெழுத்துப் போடட்டும். போடாட்டியும் நான் தந்தி அடிக்கத்தான் போறன். சீட்டு வேணும் எண்டு சொல்லிப்போட்டு வந்து காசு தேடுறன். வீடு வீடாக் கேக்கிறன். வாப்பா மாட்டன் எண்டா—"

"வாப்பா, வாப்பா, வாப்பா!" உம்மா கத்தியது. "இந்தக் காணி ஆரின்ட எண்டு நினைச்சாய்?"

பல்கீஸ் ஊதுவதை நிறுத்தினாள்.

"என்ட உம்மா எனக்குத் தந்த காணி இது. உறுதி என்ட பேரில. உன்ட வாப்பா சீமந்து பூசினார், கப்பல் சாமான் அடுக்கினார், ஆர் இல்லையெண்டது? ஆனா எழுதிக் குடுக்கிற கை என்ட கை. சபையில எழும்பி வாப்பாட்ட வீடு கேட்டாய். பட்டம் பெற்ற புள்ள! என்னட்ட ஆர் கேட்டது?"

பல்கீஸ் அடுப்படியில் குந்தியபடியே உம்மாவைப் பார்த்தாள். வெட்கம் காதுவரைக்கும் ஏறியது. ஆண்கள் சபையில் பெண்களுக்குப் பேச்சில்லை என்று விடுதி அறைகளில் எத்தனை தரம் சத்தம் போட்டிருக்கிறாள்! இந்தத் தெருவில் தாயிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து மகளுக்கு என்று காணி இறங்கி வருவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள். இருந்தும், ஒரு கையெழுத்து வேண்டும் என்று வந்தபோது அவளுடைய கண் நேரே போனது மீசை இருந்த முகத்துக்கு.

"அப்ப உங்களிட்டக் கேக்கிறன்," என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. புகையாகவும் இருக்கலாம். "உம்மா, வீட்டை எனக்குத் தாங்கோ."

உம்மா முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டது. இடிபட்ட விரலைக் குனிந்து தடவியது. வட்ட யன்னலைப் பார்த்தது. இருபது வருடமாகத் தூசு தட்டிய யன்னல்.

"மூண்டு பேர்தான் பின்னாலயா?" என்று கேட்டது கடைசியில்.

"ஓம்."

"அதில ஒண்டுக்கு மலேரியா."

"ஓம்."

"ஃபெர்ஸ்ட் கிளாஸ் எண்டு மூதூர் வரைக்கும் சொல்லிப்போட்டன். என்ட மானம்!" உம்மா தலையில் அடித்துக்கொண்டது, அவ்வளவு பலமாக இல்லை. "அங்க போயும் இப்பிடித்தான் பாஸாவியோ?"

"விழுந்தாலும் எழும்பிப் பாஸாவன் உம்மா. பிந்திப் போனாலும் லோஞ்சு அதே துறையிலதானே கட்டுறது."

"அது உன்ட வாப்பா பிந்திப் போற நாளையில சனத்துக்குச் சொல்லுற சாட்டு." உம்மா அவளைத் தோளால் தள்ளிக்கொண்டு அடுப்பின் முன் குந்தியது. "எழும்பு அங்கால. பச்சை விறகை வைச்சு ஊதிக்கொண்டிருக்கா. டொக்டராம்!"

இரண்டு விறகை உருவி, குறுக்கே வைத்து, ஒரே மூச்சில் ஊதியது. அடுப்பு பிடித்தது. உம்மா எழும்பவில்லை. கேத்தலை ஏற்றி, அதன் மூடியைச் சரிசெய்து, தன் வீட்டுக் குசினியில் இருப்பதுபோல அப்படியே குந்தியிருந்தது.

"தேயிலை எங்க வைச்சாய்?" என்று மட்டும் கேட்டது.

பல்கீஸ் எடுத்துக் கொடுத்தாள். முகத்தைக் கழுவவில்லை. கண் இரண்டும் சிவந்து, கன்னத்தில் கரியோடு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். வாசற்படியில் அவளுடைய கால் இடிபடவில்லை.

படலையடியில் வாப்பா விருந்தாளிகளை வழியனுப்பிக்கொண்டு நின்றார். தேத்தண்ணிக்கு அவர்கள் நிற்கவில்லை. ஸஹாப்தீன் மாமா பெருவிரலைத் தரையில் ஊன்றாமல் நின்றார். சித்தி பரீதா பல்கீஸை மேலிருந்து கீழே பார்த்தார், கரியோடு சேர்த்து.

"எங்கட ஊரில பொம்பளை டொக்டர் இல்ல," என்றார். "படிச்சு முடிச்சா வா. மருமகளா வரவேணாம். உன்னோட என்னால ஏலாது. டொக்டரா வா."

"வாறன் மாமி."

வாப்பா அவளையும் கப்பல் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். குசினிக்குள் உம்மா இருப்பது வட்ட யன்னலால் தெரிந்தது.

"எங்க மகள் போறாய்?"

"தந்தி அடிக்க."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, லோஞ்சில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கேட்டுப் பழகிய வாயால், "சில்லறை வைச்சிரிக்கியா?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா. மஹ்ரூப் காக்கா வந்தா வீட்டைக் காட்டுங்கோ. காலைப் பாத்து வைக்கச் சொல்லுங்கோ."

உள்துறைமுக வீதியில் வெயில் சாய்ந்திருந்தது. வலை காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து நின்று அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்கள். "டேய், கப்பல் வீடு பயணம் வெளிக்கிடுது!" என்று ஒருவன் கத்தினான். பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டிருந்த ஸஹாப்தீன் மாமாவும் திரும்பி, காலையில் அறைகளை அளந்த அதே குடையை உயர்த்தி, வானத்தில் எதையோ அளப்பதுபோலக் காட்டிக்கொண்டு நின்றார். பல்கீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. தபால் கந்தோர் பூட்ட இன்னும் நேரமிருந்தது, ஆனாலும் வேகமாக நடந்தாள். கூரைகளுக்கு மேலே, பழைய புகைபோக்கியின் வாயிலிருந்து, இப்போது நன்றாகப் பிடித்த அடுப்பின் புகை, நேராக, தடித்து, துறைமுகத்தின் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.